வாயில்லாச் சீவனுக்கும் நிழல் உண்டு

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே, அய்யாவின் பெயரால் ஊர்தோறும் எழுந்திருக்கும் சிறு ஆலயங்களுக்கு முன்னோர் வைத்த பெயர் நிழல் தாங்கல். வெயிலில் வந்தவன் ஒதுங்கும் இடம், களைத்தவன் தலை சாய்க்கும் இடம், பசித்தவனுக்கு ஒரு பிடி அன்னம் கிடைக்கும் இடம் என்ற பொருளில் அந்தப் பெயர் நிலைத்தது. உள்ளே வருகிறவனிடம் சாதி கேட்பதில்லை. கையில் காணிக்கை உண்டா என்று பார்ப்பதில்லை. அந்த நிழல் மனிதனோடு நின்றுவிடுமா, வாயில்லாச் சீவனுக்கும் எட்டுமா என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி.

களக்காட்டுக்காரருக்கு இது வெறும் பேச்சுக்குரிய கேள்வி அல்ல. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கைக் காக்க 1976-ல் களக்காடு சரணாலயம் அமைந்தது. 1988-ல் முண்டந்துறையையும் சேர்த்து, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக அந்தக் காடு அறிவிக்கப்பட்டது. அதன் மையப் பகுதியின் பரப்பு 895 சதுர கிலோமீட்டர். மலையின் காலடியில், பச்சையாற்றுத் தண்ணீரில் வாழைத் தோட்டங்கள். இரவில் பன்றி இறங்கும், கரடி இறங்கும், சில நாள் யானையும் இறங்கும். கடன் வாங்கி வைத்த வாழை, தார் விடும் நேரத்தில் ஒரே ராத்திரியில் சாய்ந்து கிடக்கும்.

இப்படி வாழை போன ஒருவர் தாங்கல் திண்ணையில் உட்கார்ந்து, "அண்ணாச்சி, யானைக்குக் காயம்னா லாரி வருது, டாக்டர் வாராரு, மருந்து வருது. எனக்கு வாழை போச்சே, எனக்கு யாரு வைத்தியம் பாக்கா? இது என்ன தர்மம்?" என்று கேட்டால், பணிவிடைக்காரர் என்ன பதில் சொல்வார்? "அப்படிப் பேசாதீங்க, அதுவும் சீவன்தானே" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட முடியாது. கேட்டவரும் தாழ்ந்து கிடப்பவரே. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிக் காப்பதே தர்மம் என்று அய்யா போதித்திருக்க, அவர் கேள்வியைத் தள்ளிவிட்டு யானைக்கு மட்டும் இரக்கம் காட்டினால் அது அரைத் தர்மம். ஆகவே கேள்வியை அதன் வேர்வரை பார்க்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு உருவம் கொடுத்த ஒரு யானை, 2023-ம் ஆண்டு களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கே வந்து சேர்ந்தது. அதன் பெயர் அரிக்கொம்பன். மலையாளத்தில் அரி என்றால் அரிசி. கேரளத்தின் இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பகுதியில் ரேசன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர் அது. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு காட்டில் விட்டார்கள். அங்கே அது நிற்கவில்லை. மேகமலைப் பக்கம் வந்து, மே 27-ல் கம்பம் நகருக்குள் புகுந்து தெருவில் ஓடியது. அதில் அடிபட்ட ஒரு மனிதர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5-ம் தேதி விடியும் முன் சின்னமனூர் அருகே தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடியும் மயக்க ஊசி போட்டுப் பிடித்தது. கும்கி யானைகளின் துணையோடு லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு மலைச்சாலை வழியே மேலே கொண்டுபோனார்கள். துதிக்கையில் காயம் இருந்தது. அதற்குச் சிகிச்சை கொடுத்து, ஜூன் 6-ல் மேல் கோதையாறு, முத்துக்குழிப் பக்கத்துக் காட்டில் இறக்கி விட்டார்கள். அடுத்த நாட்களில் அது புல்லைப் பிடுங்கி, ஓடும் தண்ணீரில் அலசித் தின்னும் காட்சியை வனத்துறை வெளியிட்டது. துவைத்துத் துப்புரவாக இருப்பதைத் தவசாகவே செய்து காட்டிய மக்களின் வழிவந்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பது கடினம்.

இந்த ஒரு யானையின் கதையில் எத்தனை பேருடைய துன்பம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பத்தில் ஒரு குடும்பம் தன் ஆளை இழந்தது. மாஞ்சோலை, கோதையாறு பக்கத்து மக்கள் "எங்கள் தலையில் கொண்டுவந்து இறக்குகிறார்களே" என்று பயந்தார்கள். யானையோ தான் பிறந்து வளர்ந்த வழித்தடத்தையும் உறவுக் கூட்டத்தையும் இழந்து, அறியாத காட்டில் நின்றது. அதற்கும் முன்னே ஒரு துன்பம் உண்டு. சின்னக்கானலில் யானைகள் காலம்காலமாக நடமாடிய இடத்தில், நிலம் இல்லாத 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. வேறு நல்ல நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆக, வலியவர்கள் வசதியான இடத்தில் இருந்துகொள்ள, எளிய மனிதனும் எளிய மிருகமும் ஒரே துண்டு நிலத்தில் மோதவிடப்பட்டார்கள். கலியின் வேலை இப்படித்தான் நடக்கும். தாழ்ந்தவரைத் தாழ்ந்தவரோடு சண்டையிட வைத்து, தான் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும். வாழைக்காரர் யானையை எதிரியாகவும், யானை வாழைக்காரரை எதிரியாகவும் பார்க்கும்வரை கலிக்குக் கொண்டாட்டம்.

இனி அய்யா காட்டிய வழியைப் பார்ப்போம். கொல்லம் 1008 மாசி 20-ல், ஆங்கில ஆண்டு 1833-ல், திருச்செந்தூர்க் கடலில் இருந்து அய்யா வைகுண்டர் எழுந்தருளிய காலத்தில், பயத்தினால் ஆடும் கிடாயும் கோழியும் பன்றியும் பலியிடும் பழக்கம் இந்தச் சீமை முழுவதும் இருந்தது. நோய் வந்தாலும் பலி, மழை பொய்த்தாலும் பலி. அய்யா அதை நிறுத்தச் சொன்னார். காணிக்கையும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம் என்றார். பிற்காலத்தில் அரசாங்கமும் சட்டம் போட்டது. 1950-ல் இந்த மாநிலத்தில் கோவில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது நெடுங்காலம் ஏட்டிலேயே கிடந்தது. 2003-ல் அதைக் கண்டிப்பாக நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, 2004-ல் சட்டமே நீக்கப்பட்டது. சட்டம் வரும், போகும். அய்யாவின் பிள்ளைகள் கத்தியைக் கீழே வைத்தது எந்தச் சட்டத்துக்கும் பயந்து அல்ல. எனவே எந்தச் சட்டம் நீங்கினாலும் அந்தக் கத்தியை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை.

ஆனால் வெட்டாமல் இருப்பது முதல் படி மட்டுமே. அந்தப் படியில் நின்றுகொண்டு மேலே ஏறாதவர் அநேகர். "எங்கள் வீட்டில் பலி கிடையாது" என்று பெருமையாகச் சொல்லும் ஒருவர், பால் வற்றிய கிழப் பசுவை அவிழ்த்துத் தெருவில் விட்டுவிடுகிறார். கத்தி வைக்கவில்லை, உண்மைதான். அந்தப் பசு குப்பைமேட்டில் சோறு ஒட்டிய பாலிதீன் பையை மென்று விழுங்குகிறது. மாட்டின் வயிறு நான்கு அறை கொண்டது. முதல் அறையான பெருவயிற்றில் பாலிதீன் தங்கிவிட்டால் அது செரிக்காது, வெளியேயும் போகாது. நாள்தோறும் சேர்ந்து கல்லாகும். பசிக்கும் வயிற்றில் புல்லுக்கு இடம் இருக்காது. கால்நடை மருத்துவர் வயிற்றை அறுத்து எடுத்தால்தான் உண்டு. பலிபீடத்தில் ஒரு நொடியில் நடப்பது இங்கே பல மாதமாக நடக்கிறது. அந்தப் பையில் சோற்றைக் கட்டி எறிந்தது யார்? சில வேளை அன்னதர்மம் நடந்த இடத்துக் குப்பையிலும் அது கிடக்கும். தர்மம் செய்த கையே அறியாமல் செய்த தீங்கு அது.

நாயின் கதையும் அதுபோலவே. பந்தி முடிந்து இலை போடும் இடத்தில் நாய்கள் காத்து நிற்கும். மிச்சச் சோறு போடுவது இரக்கம்தான். ஆனால் சோறு மட்டும் போட்டுவிட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் பற்றி யாரும் கவலைப்படாவிட்டால், ஒரு வருடத்தில் ஒரு நாய் பத்தாகும். சொறி பிடிக்கும், குட்டிகள் வண்டியில் அடிபடும். ஒன்றுக்கு ரேபிஸ் என்னும் வெறிநோய் வந்தால் தாங்கலுக்கு வரும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. நோய்க்குறி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடித்தவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். நாயைக் கொன்று தீர்க்கும் முறைக்கு மாற்றாக, கருத்தடை செய்து விடும் முறையைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964 முதலே செய்துவந்தது. கொல்லாமலும் இருக்கலாம், மனிதனையும் காக்கலாம் என்பதற்கு அது சாட்சி. உணவு தர்மத்தின் பாதி. உடம்பைப் பார்த்துக்கொள்வது மறுபாதி.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி எழுகிறது. ஒரு சீவனுக்கு மனிதன் செய்வதெல்லாம் அந்தச் சீவனுக்காகவா, தன் மனத் திருப்திக்காகவா? இதை விளங்கிக்கொள்ள நெல்லைச் சீமைக்கே தெரிந்த இன்னொரு யானையை நினைத்துக்கொள்ளலாம். நெல்லையப்பர் கோவில் காந்திமதி யானை, ஏறத்தாழ நாற்பது ஆண்டு அந்தக் கோவிலில் இருந்தது. ஆனித் தேரோட்டத்துக்குப் போனவர்கள் அதைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். வருகிறவர்கள் கையில் ஒரு பழம், கொஞ்சம் வெல்லம். கொடுப்பவருக்கு அது ஒரு பழம். வாங்கும் யானைக்கு அது நூறாவது பழம். காட்டு யானை ஒரு நாளில் பல மைல் நடந்து, புல்லும் பட்டையும் தழையுமாகத் தின்னும். கல்தளத்தில் நிற்கும் யானைக்கு நடை குறைவு, எடை கூடும். கூடிய எடை முழுவதையும் நான்கு பாதங்களும் மூட்டுகளும் தாங்க வேண்டும். காந்திமதிக்கும் வயதான காலத்தில் எடை கூடி மூட்டுவலி வந்தது. மருத்துவர்கள் உணவைக் குறைக்கச் சொன்னார்கள், தினமும் நடக்க வைக்கச் சொன்னார்கள். அப்படியே செய்து எடையைக் குறைத்தார்கள். 2022-ல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் நான்கு கால்களுக்கும் தோல் செருப்பு செய்து கொடுத்தார்கள்.

அன்புக்கொடி மக்களே, பழம் கொடுத்ததும் பக்தர்தான், செருப்புக் கொடுத்ததும் பக்தர்தான். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? பழம் நீட்டியவர் யானையின் தும்பிக்கையைப் பார்த்தார். அது வாங்கிக்கொண்டதும் அவர் மனம் குளிர்ந்தது. செருப்புச் செய்தவர் யானையின் பாதத்தைப் பார்த்தார். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேட்டார், அதற்குப் பிறகு கொடுத்தார். தர்மத்துக்கு இதைவிடத் தெளிவான உரைகல் கிடைக்காது. கொடுப்பவனுக்கு எது பிடிக்கிறது என்பதை விட்டுவிட்டு, கிடக்கிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்ப்பதே பணிவிடை. பழத்தைக் குறைப்பதும் அந்தப் பணிவிடையில் சேரும். கொடுக்காமல் இருப்பதுகூடச் சில நேரம் தர்மமாகும்.

பணிவிடை என்ற சொல் தாங்கலில் தினமும் புழங்குகிற சொல். பள்ளியறையைக் கூட்டுகிறவர், விளக்கேற்றுகிறவர், பால் வைக்கிறவர் எல்லாரும் பணிவிடைக்காரரே. தாங்கல் தனக்குச் சொந்தம் என்று ஒரு பணிவிடைக்காரரும் சொல்ல மாட்டார். தனக்கு வசதியான நேரத்தில் உகப்படிப்புப் படிக்க மாட்டார். அதே முறையில், ஒரு சீவனுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அந்தச் சீவனின் சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. அதன் பணிவிடைக்காரர் ஆகிறார். இதை மறந்துவிட்டால் காப்பகம் என்று பலகை மாட்டிய இடமும் சிறைதான். இருபது நாய்க்கு இடம் உள்ள கொட்டகையில் எண்பதை அடைத்து, ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் பரவ விட்டு, "எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறேன் பாருங்கள்" என்று சொன்னால் அது எண்ணிக்கைப் பெருமை. புதிதாக வந்த பிராணியைச் சில நாள் தனியே வைத்துப் பார்ப்பது, ஒவ்வொன்றுக்கும் படுக்க இடம், நல்ல தண்ணீர், நிழல், ஊசி, குடற்புழு மருந்து, மாதம் ஒரு முறையாவது மருத்துவர் கண்ணில் படுவது, இத்தனையும் இருந்தால்தான் அது நிழல். இதற்கு வழியில்லாதவர் ஒரே ஒரு பசுவை ஒழுங்காகக் காத்தால் அதுவே பெரிய தர்மம்.

அடைக்கலத்துக்கும் சிறைக்கும் உள்ள வித்தியாசம் அய்யாவின் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருஏடு வாசிப்பில் கேட்ட கதைதான். திருவிதாங்கூர் மன்னனின் ஆணையால் அய்யா சிறைப்பட்டு, சிங்காரத்தோப்பில் துன்பப்பட்டார். அவரைச் சோதிக்கப் பசித்த புலியின் முன் விட்டார்கள். புலி அடங்கி அவர் முன் படுத்தது. இந்தக் கதையைக் கேட்கும்போது அன்பர்கள் அய்யாவின் மகிமையை நினைத்து உருகுவார்கள். அது சரியே. ஒரு முறை அந்தப் புலியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மலையில் திரிந்த சீவன். யாரோ பிடித்தார்கள், கூண்டில் போட்டார்கள், வேண்டுமென்றே பட்டினி போட்டார்கள். மனிதனின் கோபத்துக்கு அதன் பசியை ஆயுதமாக்கினார்கள். அங்கே சந்தித்தவர்கள் இருவர், இருவரும் சிறைப்பட்டவர்கள். குற்றம் புலியிடம் இருந்ததா, அதைப் பட்டினி போட்ட கையிடம் இருந்ததா? களக்காட்டு மலையில் இன்றும் புலி இருக்கிறது. அதைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியும் கூடவே இருக்க வேண்டும்.

இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வாழைக்காரரிடம் திரும்பி வரலாம். அவர் கேட்டது நியாயம். யானைக்கு வைத்தியம் பார்ப்பதில் குற்றம் இல்லை. அந்த வைத்தியத்தின் செலவையும் பாரத்தையும் மலையடிவாரத்து ஏழை தலையில் மட்டும் வைத்துவிட்டு, பட்டணத்துக்காரர் புண்ணியத்தை எடுத்துக்கொள்வதுதான் குற்றம். காட்டைக் காப்பதால் தாமிரபரணியில் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீரைத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. அப்படியானால் காட்டு விலங்கால் வரும் நட்டத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. பயிர் அழிந்தால் அரசு இழப்பீடு தருகிறது. மனு எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுப்பது, சேதத்தைப் படம் எடுத்து வனத்துறை அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கூடவே போய் நிற்பது, பணம் வரும்வரை விடாமல் கேட்பது, இவையும் தாங்கல் இளைஞர்கள் செய்யக்கூடிய பணிவிடைதான். வாழைக்காரரின் வயிறு நிறையாத ஊரில் யானைக்காகப் பேசுகிறவர் பேச்சு எடுபடாது. யானைக்கு வெடியும் மின்வேலியும் வைக்கும் ஊரில் மனிதனுக்கும் நிம்மதி இருக்காது. திருட்டு மின்வேலியில் யானையும் சாகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன கூலிக்காரனும் சாகிறான். இரண்டு பேரையும் ஒரே நிழலில் உட்கார வைக்கத் தெரிந்தால்தான் தர்மம்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கடினம். வைத்தியம் பலிக்காத நிலை வந்தால் என்ன செய்வது? காந்திமதி யானை, மூட்டுவலியால் படுக்காமல் நின்றபடியே தூங்கி வந்தது. படுத்தால் எழுவது கடினம் என்று அந்தச் சீவனுக்கே தெரிந்திருந்தது. 2025 ஜனவரியில் ஒரு நாள் படுத்தது, எழ முடியவில்லை. கிரேன் கொண்டுவந்து தூக்கிப் பார்த்தார்கள். மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். ஜனவரி 12-ம் தேதி காலையில் அது உயிர் நீத்தது. வயது 56. பெரிய உடம்புள்ள மிருகம் ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்தால் அதன் எடையே அதன் சதையையும் மூச்சையும் அமுக்கும். அதனால்தான் தூக்கி நிறுத்தப் பார்ப்பார்கள். அன்று பலிக்கவில்லை. ஆனால் பலிக்காத அந்த முயற்சியை வீண் என்று எவராலும் சொல்ல முடியுமா?

தெருவில் லாரி ஏறி முதுகெலும்பு முறிந்த நாய், குணமாகாத புண்ணில் புழு வைத்துத் துடிக்கும் மாடு, இவற்றை என்ன செய்வது என்று கேட்கும்போது அன்பர்கள் மனம் இரண்டாகப் பிரியும். 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13-ம் பிரிவு, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் உள்ள பிராணியின் வேதனையை முடித்துவைக்க இடம் தருகிறது. "உயிரை எடுக்க மனிதன் யார்?" என்று ஒருவர் கேட்பார். "துடிக்க விடுவது மட்டும் அகிம்சையா?" என்று மற்றவர் கேட்பார். இருவருமே இரக்கத்தில் இருந்துதான் பேசுகிறார்கள். இங்கேயும் காந்திமதியின் பாதம் சொல்லித்தந்த அதே உரைகல்லைத்தான் எடுக்க வேண்டும். முடிக்கப் பார்ப்பது யாருடைய வேதனையை? படுத்துக் கிடக்கும் சீவனின் வேதனையையா, அதைப் பார்க்கச் சகிக்காதவனின் வேதனையையா? செலவுக்கும் சிரமத்துக்கும் பயந்து "பாவம், முடித்துவிடலாம்" என்று சொல்வது பழைய கத்தியை ஊசியாக மாற்றுவதாகும். பிழைக்க வழியே இல்லை என்று மருத்துவர் சோதித்துச் சொன்ன பிறகும், தன் கைக்குப் பாவம் ஒட்டக்கூடாதே என்று மட்டும் எண்ணி அதைத் துடிக்க விடுவது, தன்னைக் காத்துக்கொள்வதே தவிரச் சீவனைக் காப்பது ஆகாது. முதலில் வலி குறைய மருந்து, ஈ மொய்க்காத நிழல், நாக்கை நனைக்கத் தண்ணீர், பக்கத்தில் ஒரு மனிதன். முடிவை மருத்துவர் அறிவோடும் அய்யாவை நினைத்த மனத்தோடும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மனம் வலித்தால் அந்த வலியைச் சுமக்கத்தான் வேண்டும். வலிக்காத மனத்தோடு எடுக்கும் முடிவைத்தான் அஞ்ச வேண்டும்.

தாங்கல்களில் இன்றே தொடங்கக்கூடியவை சில உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் வாசலில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தினமும் கழுவி நிரப்பலாம். அன்னதர்மத்தில் பாலிதீன் பை, பிளாஸ்டிக் தம்ளர் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். அடிபட்ட ஆடு மாட்டுக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். அந்த எண்ணைத் தாங்கல் சுவரில் எழுதி வைக்கலாம். வருடம் ஒரு முறை கால்நடை மருத்துவமனையில் கேட்டு நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்தலாம். தலையணைக்கோ நம்பி கோவிலுக்கோ போகும்போது குரங்குக்குத் தின்பண்டம் வீசாமல் வரலாம். வீசிப் பழக்கிய குரங்குதான் நாளை பையைப் பிடுங்கும், கடிக்கும், பிறகு "பிடித்துக்கொண்டு போங்கள்" என்று மனிதனே மனு கொடுப்பான். காட்டு விலங்கின் குட்டி தனியே கிடந்தால் தூக்கிவந்து வளர்க்காமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தாய் பக்கத்திலேயே நிற்கக்கூடும்.

புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடிக்கும் ஆட்சி என்று தமிழர் நல்ல காலத்துக்கு அடையாளம் சொல்வார்கள். தர்மயுகம் பிறக்கும் நாளை எதிர்பார்த்திருக்கும் அய்யாவின் மக்கள், அந்தத் துறையைக் கட்டும் வேலையை இன்றே தொடங்கலாம். ஒரு தொட்டித் தண்ணீரில் இருந்தே அது தொடங்கும். வாசலில் வைத்த அந்தத் தொட்டியில் மதிய வெயிலில் ஒரு கிழப் பசு வாய் வைக்கும்போது, தோட்டத்தில் இருந்து வந்த வாழைக்காரர் பக்கத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். இருவருக்கும் மேலே ஒரே நிழல் விழும். முன்னோர் அந்த இடத்துக்கு வைத்த பெயர் அப்போது பொருந்தும்.

அய்யா உண்டு.